காற்றும் கடமையும்

உணவின்றிச் சில வாரங்கள் உயிர் தரித்திருத்தல் கூடும். நீரின்றிச் சில நாள்கள் வாழ்தல் கூடும். காற்றின்றிச் சில நிமிடங்களுக்கு மேல் எவரும் வாழ்தல் இயலாது. உணவை மக்கள் விலை கொடுத்து வாங்குகின்றனர். நீரைக் குடத்திலும் தொட்டியிலும் நிரப்பி வைக்கின்றனர். காற்றை அங்ஙனம் பங்கிட்டு வேலியிட்டு வைத்துக்கொள்ள எவராலும் முடிவதில்லை. ஒருவர் வெளியே விட்ட மூச்சு, அடுத்தவர் உள்ளே இழுக்கும் மூச்சிற் கலக்கின்றது. ஆதலின் காற்று ஊரார் அனைவர்க்கும் உரிய பொதுச்சொத்து ஆகும். அப்பொதுச்சொத்தைக் கெடுக்கும் உரிமை தனி ஒருவர்க்கு உண்டோ? புகைபிடித்தலைப் பற்றி ஆராய்வோர் முதலிற் கேட்க வேண்டிய வினா இதுவே.

திருப்பூர் மாவட்டத்தில், பல்லடம் வட்டத்தில், நொய்யலாற்றை அடுத்து அமைந்த ஊர் சாமளாபுரம். சோமனூர், மங்கலம், பல்லடம் முதலிய அண்டை ஊர்களைப் போலவே இங்கும் விசைத்தறியின் ஓசை பகலும் இரவும் கேட்கும். தறிக்கூடங்களில் ஆடவர் தறி ஓட்டுவர். பெண்டிர் தார் சுற்றுவர். வீட்டை ஒட்டியே தறிக்கூடம் அமைந்திருப்பதும் உண்டு. இங்கு நெய்யப்படும் காடாத் துணி வண்டி வண்டியாக வெளியூர்களுக்குச் செல்கின்றது. உழைப்பே உயர்வு தரும் என்பதற்கு இவ்வட்டாரம் ஒரு சான்று.

தறிக்கூடங்களில் நெடுங்காலமாக ஒரு கட்டுப்பாடு நிலவுகின்றது. கூடத்தின் உள்ளே பீடியோ சுருட்டோ பற்றவைத்தல் ஆகாது என்பதே அது. பஞ்சாலைகளிலும் பின்னலாடை நிலையங்களிலும் இக்கட்டுப்பாடு உண்டு. இதன் காரணம் எளிதில் விளங்கும். நூலும் பஞ்சும் நொடியில் தீப்பற்றும் இயல்பின. ஒரு பீடித்துண்டு போதும், பல ஆண்டு உழைப்பைச் சாம்பலாக்க. ஆகவே தறி உரிமையாளரும் தொழிலாளரும் இதனை மறவாது காக்கின்றனர். இது போற்றத்தக்கது.

ஆனால் அத்தொழிலாளி புகைபிடிக்க எழுந்து எங்கே செல்கின்றார்? கூடத்தின் வாயிற்படிக்கே செல்கின்றார். அங்கு நின்று பீடியைப் பற்றவைக்கின்றார். தீப்பொறி வெளியே நின்றுவிடுகின்றது. புகையோ உள்ளே வருகின்றது. வாயிலருகே அமர்ந்து தார் சுற்றும் பெண் அதனைச் சுவாசிக்கின்றார். தாய்க்குச் சோறு கொண்டுவந்த சிறுவனும் அதனைச் சுவாசிக்கின்றான். நூல் தப்பியது; நுரையீரல் தப்பவில்லை. நூலுக்கு இத்துணைக் காவல் வைத்த ஊர், அந்நூலை இழைக்கும் மாந்தரின் மூச்சுக்குக் காவல் வையாதது ஏன்? நூல் எரிவது கண்ணுக்குத் தெரிகின்றது. நுரையீரல் கெடுவது கண்ணுக்குத் தெரிவதில்லை. வேறுபாடு அவ்வளவே.

புகையிலை தமிழ்நாட்டின் பழம் பொருள் அன்று. அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்ச்சுகீசியர் வழியாக இந்தியாவிற்கு வந்தது. அதன் தீமையை உண்மையாக உணர்வதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயின. புகைப்பவர்க்கே புற்றுநோய் உண்டாகின்றது என்பது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மருத்துவ ஆராய்ச்சியால் உறுதியாயிற்று. அருகில் இருப்பவர்க்கும் அது கேடு சூழ்கின்றது என்பது அதற்கும் பின்னரே தெளிவாயிற்று.

பற்றவைத்த பீடியிலிருந்து இருவகைப் புகை எழுகின்றது. புகைப்பவர் உள்ளிழுத்து வெளிவிடும் புகை ஒன்று. அவர் இழுக்காது விரலிடையே வைத்திருக்கும்பொழுது நுனியிலிருந்து தானே எழும் புகை மற்றொன்று. இரண்டாவது புகையே அருகில் இருப்பவரை மிகுதியாக வந்தடைகின்றது. இழுக்கும்பொழுது நுனி கனன்று எரிகின்றது. இழுக்காதபொழுது குறைந்த சூட்டில் மெல்லப் புகைகின்றது. பொருள் முற்றும் எரியாது புகையுமாயின் நச்சுப் பொருள்கள் மிகுதியாகத் தோன்றும். அடுப்பில் ஈரவிறகு புகைவதைக் கண்டோர் இதனை எளிதில் அறிவர். புகையிலைப் புகையில் 7,000க்கு மேற்பட்ட வேதிப்பொருள்கள் உள்ளன என்றும், அவற்றுள் ஏறத்தாழ 70 பொருள்கள் புற்றுநோயை விளைவிப்பன என்றும் அறிவியலார் கண்டுள்ளனர். கார்பன் மோனாக்சைடு, பென்சீன், பார்மால்டிகைடு, அம்மோனியா முதலியன அவற்றுட் சில. புகைப்பவர் விரும்பி ஏற்கும் நஞ்சினை, அருகில் இருப்பவர் விரும்பாமலே ஏற்கின்றார்.

இவ்வுண்மையை உலகிற்கு எடுத்துக்காட்டியவருள் முதன்மையானவர் சப்பான் நாட்டு அறிஞர் தகேசி இராயாமா ஆவார். புகைபிடிக்கும் பழக்கம் இல்லாத 91,540 மனைவியரை அவர் தம் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டார். அவர்கள் அனைவரும் நாற்பது வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள். 1966 முதல் 1979 வரை பதினான்கு ஆண்டுகள் அவர்தம் உடல்நிலை கவனிக்கப்பட்டது. கணவர் மிகுதியாகப் புகைபிடிக்கும் இல்லங்களில், புகையையே தொடாத மனைவியர்க்கு நுரையீரற் புற்றுநோய் மிகுதியாக வந்தது. கணவர் பிடிக்கும் சிகரெட்டின் எண்ணிக்கை ஏற ஏற, மனைவியின் இடரும் ஏறியது. 1981ஆம் ஆண்டு இம்முடிவு வெளியாயிற்று. அவ்வாண்டிலேயே கிரேக்க நாட்டின் ஏதென்சு நகரில் நடந்த ஆராய்ச்சியும் இதே திசையைக் காட்டிற்று. சிகரெட்டுத் தொழில் நடத்துவோர் இம்முடிவினைக் கடுமையாக எதிர்த்தனர். ஆயினும் பின்வந்த ஆராய்ச்சிகள் அதனை உறுதிப்படுத்தின.

பிறர் புகையை நாள்தோறும் சுவாசிப்பவர்க்கு இதயநோய் வரும் வாய்ப்பு 25 முதல் 30 விழுக்காடு மிகுதி. நுரையீரற் புற்றுநோய் வரும் வாய்ப்பு 20 முதல் 30 விழுக்காடு மிகுதி. 2006ஆம் ஆண்டு அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் வெளியிட்ட அறிக்கை இதனைத் தொகுத்துரைத்தது. இத்துணைச் சிறிது புகை தீங்கற்றது என்று கூறத்தக்க அளவே இல்லை என்றும் அறிவித்தது. உலகெங்கும் ஆண்டுதோறும் பத்து இலட்சத்திற்கு மேற்பட்டோர், தாம் புகைபிடியாதிருந்தும் பிறர் புகையால் உயிர் இழக்கின்றனர் என்று உலக நலவாழ்வு நிறுவனம் கணித்துள்ளது.

இக்கேட்டிற்கு எளிதில் இரையாவோர் குழந்தைகள். அவர்தம் நுரையீரல் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கின்றது. அவர்கள் பெரியோரினும் விரைந்து மூச்சு விடுகின்றனர். புகை சூழ்ந்த வீட்டில் வளரும் குழந்தைக்கு இருமலும் சளியும், நுரையீரல் அழற்சியும், காதுநோயும் அடிக்கடி வருகின்றன. ஆஸ்துமா உள்ள குழந்தைக்கு மூச்சுத்திணறல் மிகுகின்றது. கருவுற்ற தாய் புகை சூழ வாழ்வாராயின், குழந்தை எடை குறைந்து பிறத்தல் கூடும். பெரியவர் ஒருவர் அறையை விட்டு எழுந்து போகலாம். தொட்டிலிற் கிடக்கும் குழந்தை எங்கே எழுந்து போகும்?

தறிக்கூடங்களில் உழைப்போர் நிலையையும் தனியே எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவர்கள் முன்னரே பஞ்சுத் துகளைச் சுவாசிப்பவர்கள். பஞ்சுத் துகள் நாளடைவில் மார்பை இறுக்கி மூச்சைத் தடுக்கும் நோயை உண்டாக்குகின்றது. புகைபிடிப்பவர்க்கு அந்நோய் மேலும் கடுமையாகின்றது என்பது மருத்துவர் கண்ட உண்மை. வறண்ட காற்று உட்புகுந்தால் நூல் அறும் என்று சன்னல்களைச் சாத்திவைக்கும் கூடங்களும் உள்ளன. இங்ஙனம் ஏற்கெனவே சுமை தாங்கும் மார்பின்மேல் பிறர் புகையையும் ஏற்றுதல், பாரம் ஏற்றிய வண்டியின்மேல் இன்னொரு மூட்டை போடுவது போன்றது.

புகைபிடிப்போர் தம் பக்கத்திற் கூறும் நியாயங்கள் சில உள. “என் பணம், என் உடல்; இதனைத் தடுக்க நீ யார்?” என்பர் சிலர். தம் உடலளவில் அது நின்றுவிடுமாயின் இவ்வழக்கிற்கு ஓரளவு இடம் உண்டு. புகை அவ்வாறு நிற்பதில்லை. ஒருவர் தம் தோட்டத்துக் குப்பையைத் தம் தோட்டத்திலேயே எரிக்கலாம். அடுத்த வீட்டுக் கூரையின்மேல் எரிக்கலாகாது. உரிமையின் எல்லை பிறர் மூக்கின் நுனியில் முடிந்துவிடுகின்றது.

“சன்னலைத் திறந்து வைத்தால் போதும், மின்விசிறியைச் சுழலவிட்டால் போதும்” என்பர் வேறு சிலர். விசிறி புகையை அழிப்பதில்லை. அறையின் ஒரு மூலையில் உள்ள புகையை நான்கு மூலைக்கும் பரப்புகின்றது. திறந்த சன்னலும் புகையைக் குறைக்குமேயன்றி முற்றும் போக்குவதில்லை. “சிகரெட்டுத்தான் கொடிது, பீடி எளியது” என்பாரும் உளர். எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி?

“உழைத்துக் களைத்தவனுக்கு உள்ள ஓர் ஆறுதல் இது, இதனையும் பறிப்பதா?” என்று கேட்போரும் உண்டு. இக்கேள்வியில் இரக்கம் உள்ளது; ஆகவே இதற்கு இரக்கத்தோடே விடை கூறுதல் வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் தறிமுன் நிற்பவர்க்கு ஓய்வு வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவ்வாறுதலின் விலையை அவர் மட்டும் கொடுக்கவில்லை. உடன் உழைக்கும் பெண்ணும், வீட்டில் உறங்கும் குழந்தையும் சேர்ந்தே கொடுக்கின்றனர். களைப்பாற வேண்டியவர்க்குத் தேநீரும், சிறிது காற்றாட நிற்கும் நேரமும், அமர ஒரு நிழலும் தருதல் உரிமையாளர் கடமை. நஞ்சைத்தான் ஆறுதலாகத் தருதல் வேண்டும் என்பது இரக்கம் ஆகாது.

அறிவியல் இவ்வுண்மையை நிறுவுவதற்கு நெடுநாள் முன்னரே இதனை உணர்ந்து கூறியவர் காந்தியடிகள். இளமையில் சிறிது காலம் தாமும் பீடி, சிகரெட்டுப் பழக்கத்திற்கு ஆளானதைச் ‘சத்திய சோதனை’யில் அவர் மறையாது எழுதியுள்ளார். புகைபிடிப்போர் நிறைந்த இரயில் வண்டிப் பெட்டியில் பயணம் செய்வது தமக்கு மூச்சுத் திணறச் செய்கின்றது என்றும் அந்நூலிற் குறித்துள்ளார். அவர் பட்ட துன்பத்தைப் பேசாது பட்டவர் கோடிக்கணக்கானோர்.

இந்நாட்டில் இதற்குச் சட்டம் வழி காட்டிய வரலாறும் மாணவர் அறியத்தக்கது. 1999ஆம் ஆண்டு சூலை 12ஆம் நாள், கேரள உயர்நீதிமன்றம் சிறந்ததொரு தீர்ப்பு வழங்கிற்று. தமிழ்நாட்டைச் சேர்ந்த நீதியரசர் ஏ.ஆர். இலட்சுமணனும் நீதியரசர் கே. நாராயண குறுப்பும் அதனை வழங்கினர். பொதுவிடத்திற் புகைபிடித்தல், அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு மக்களுக்கு அளித்துள்ள உயிர்வாழும் உரிமைக்கு மாறானது என்பது அத்தீர்ப்பின் சாரம். 2001ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள் உச்சநீதிமன்றம், மருத்துவமனை, கல்விக்கூடம், நூலகம், நீதிமன்றம், பொது ஊர்தி முதலிய இடங்களிற் புகைபிடித்தலை நாடு முழுவதும் தடை செய்தது. 2003ஆம் ஆண்டு நாடாளுமன்றம் புகையிலைப் பொருள்கள் பற்றிய சட்டத்தை இயற்றிற்று. 2008ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், காந்தியடிகள் பிறந்த நாளன்று, திருத்திய விதிகள் நடைமுறைக்கு வந்தன. அவ்விதிகளின்படி பணியிடமும் பொதுவிடமே. மீறுவோர்க்கு 200 ரூபாய் வரை தண்டம் உண்டு. கல்விக்கூடத்தைச் சுற்றி 100 கெச எல்லைக்குள் புகையிலைப் பொருள் விற்றலும், பதினெட்டு வயது நிரம்பாதார்க்கு விற்றலும் அச்சட்டப்படி குற்றங்கள்.

சட்டத்தால் பயன் விளைந்ததா? விளைந்தது, ஆனால் முற்றும் விளையவில்லை. 2009–10ஆம் ஆண்டு இந்தியாவில் எடுத்த கணக்கின்படி, வயது வந்தோருள் நூற்றுக்கு 52 பேர் தம் வீட்டிலேயே பிறர் புகையைச் சுவாசித்தனர். 2016–17ஆம் ஆண்டுக் கணக்கில் அது நூற்றுக்கு 39ஆகக் குறைந்தது. பணியிடத்திலோ, முன்னரும் நூற்றுக்கு ஏறத்தாழ 30 பேர். பின்னரும் ஏறத்தாழ 30 பேரே. இவ்வெண்கள் வியப்புக்குரியன. சட்டம் காவல் நிற்காத வீட்டில் புகை குறைந்தது. சட்டம் காவல் நிற்கும் பணியிடத்தில் குறையவில்லை. வீட்டில் புகையைக் குறைத்தது எது? மனைவி மக்கள்மீது கொண்ட அன்பே பெரிதும் குறைத்திருத்தல் வேண்டும். அவ்வன்பு வாயிற்படியைக் கடந்து, உடன் உழைப்போர் மீதும் செல்லுதல் வேண்டும். அதுவே இன்றைய தேவை.

இப்பாடத்தைச் சாமளாபுரத்து மக்களுக்கு நொய்யலாறு முன்னரே கற்பித்துள்ளது. மேற்கே பெருநகரத்தில் ஆற்றில் விடப்படும் கழிவுநீர் கிழக்கே உள்ள ஊர்க்குளங்களை வந்தடைகின்றது. திருப்பூர்ச் சாயக் கழிவு அதற்கும் கீழே ஓடி, ஒரத்துப்பாளையம் அணையிற் போய்த் தேங்கிற்று. அணை நீரை நம்பிய உழவர் நிலம் கெட்டது, கிணறு கெட்டது. அவ்வுழவர் நெடுநாள் வழக்காடினர். 2011ஆம் ஆண்டு சனவரித் திங்களில், கழிவைத் தூய்மை செய்யாத சாயச்சாலைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. மேலே இருப்பவன் செய்யும் மாசுக்குக் கீழே இருப்பவன் பலியாகலாகாது என்பதே அவ்வழக்கின் நீதி. காற்றும் ஓர் ஆறு. அதற்குக் கரை இல்லை, அவ்வளவே. ஆற்றுக்கு ஒரு நீதி, காற்றுக்கு ஒரு நீதி என்றிருத்தல் முறையன்று.

ஆதலின் தறிக்கூடங்களின் தீக்கட்டுப்பாட்டையே மூச்சுக்கட்டுப்பாடாகவும் விரித்துக்கொள்ளுதல் நலம். உள்ளே மட்டுமன்று, வாயிற்படியிலும் சன்னலோரத்திலும் புகை ஆகாது என ஊரார் கூடி ஒரு முடிவு செய்தல் வேண்டும். இதற்குப் பெரும்பொருள் வேண்டா. ஒரு பலகையும் ஒருமித்த மனமும் போதும். தேநீர்க் கடைக்காரரும் பேருந்து நிறுத்தத்தில் நிற்போரும் இதற்குத் துணை நிற்றல் வேண்டும்.

புகைபிடிப்பவரை இழித்துரைத்தல் ஆகாது என்பதையும் மறத்தலாகாது. நிக்கோட்டின் என்னும் பொருள் மூளையைத் தன்வயப்படுத்தி, விட நினைத்தாலும் விடமுடியாதபடி பிணிக்கின்றது. பிணிப்பட்டவர்க்கு வேண்டுவது மருந்தும் துணையுமே. பழக்கத்தை விட விரும்புவோர்க்கு அறிவுரை கூறுவதற்கென்றே 1800 11 2356 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணை அரசு அமைத்துள்ளது. அதனைப் படித்தறிந்து வீட்டிற் சொல்லும் பொறுப்பை மாணவர் ஏற்கலாம்.

பெரியோரைத் திருத்த முற்படுவது சிறுவர்க்குத் தகுமோ என்று சிலர் தயங்குவர். பணிவுடன் கூறும் உண்மை பெரியோர்க்கு இழுக்கு ஆகாது. கொங்கு நாட்டு வீடொன்றில் இராப்பொழுதில் பாட்டனார் திண்ணையில் அமர்ந்து பீடி பற்றவைக்கின்றார் என்று கொள்வோம். அருகில் தம்பி உறங்குகின்றான். பேத்தி அவர் கையைப் பற்றி, “அப்பாரு, தம்பிக்கு நேற்றெல்லாம் இருமல், இங்கே வேண்டாமுங்க” என்று கூறுகின்றாள். அவர் ஒரு கணம் அவள் முகத்தைப் பார்ப்பார். பின்பு உறங்கும் பேரனைப் பார்ப்பார். பீடி தானே கீழே போகும். தண்டத்திற்கு அஞ்சாத கையும் அன்பிற்குத் தாழும்.

நாளை தறிமுன் நிற்கப்போகிறவரும், தறிக்கூடத்தை நடத்தப்போகிறவரும், மருத்துவராகப் போகிறவரும் இன்று பள்ளியில் அமர்ந்திருக்கும் மாணவரே. தாம் புகையைத் தொடுவதில்லை என்று உறுதி கொள்ளுதல் அவர்தம் முதற்கடமை. தம்மைச் சூழ்ந்தார் மூச்சையும் தம் மூச்சுப்போற் காத்தல் அடுத்த கடமை. நூல் அறாமற் காக்கக் கற்ற ஊர், உயிர்மூச்சு அறாமற் காக்கவும் கற்றுக்கொள்ளும்.